கிளாவர் ராணியின் பதினொரு வாரம்

யூக்ளிட், ஒஹாயோ
9 மார்ச் 1969

அன்பு மகள் ஆல்பீனாவுக்கு, ஈரி ஏரியின் தென்கரை முழுவதையும் தன் மீசையால் ஆண்டுவரும் லுட்விக் சித்தப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். சித்தி மிட்ஸியும் நலம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் தனிநாடு கேட்டுப் போராடுகிறது. நீயும் மாப்பிள்ளை டெல்மரும் சுகம்தானே? டென்னஸியில் இந்நேரம் பூ பூத்திருக்கும். இங்கே ஏரி இன்னும் உறைந்தே கிடப்பதால், தபால்காரர் குறுக்குவழியாகக் கனடா போய் வருவதாகக் கேள்வி.

நான் வேலை பார்க்கும் ஹார்க்னெஸ்-வேல் கம்பெனி தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டு ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறது. வழுவழுத் தாள், அறுபது பக்கம். அதில் நாற்பது பக்கம் கம்பெனித் தலைவரின் சிரித்த பற்கள். மிச்சத்தை உனக்காகச் சுருக்கித் தருகிறேன். 1901இல் ஹார்க்னெஸ் சகோதரர்கள் ஒரு குதிரைக் கொட்டகையில் திருகாணி செய்தார்கள். திருகாணி கார் வால்வாயிற்று, கார் வால்வு விமான வால்வாயிற்று, விமானம் ராக்கெட்டாயிற்று. மனிதர்களாயிருந்தால் அங்கே நிறுத்தி ஒரு சுருட்டுப் பற்றவைத்திருப்பார்கள். இவர்கள் ரயில் பிரேக் செய்த வேல் குடும்பத்தை வாங்கினார்கள். அப்புறம் பள்ளிப் பேருந்து, உறைய வைத்த ஆப்பிள் பை பலகாரம், பௌலிங் கட்டை. 1967இல் எங்கள் லேக்‌ஷோர் வால்வு ஆலை. போன வருஷம் சவப்பெட்டிக் கைப்பிடி செய்யும் ஒரு கம்பெனி.

அந்தக் கைப்பிடிக் கம்பெனி 1841இல் தொடங்கியதாம். அதை வாங்கிய கையோடு எங்கள் வாசல் பலகையிலும் ‘1841 முதல்’ என்று எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அறுபத்தெட்டு வயதுக் கம்பெனியில் வேலை முடித்துப் போனேன். திங்கட்கிழமை வந்தால் அதற்கு நூற்றிருபத்தெட்டு வயது.

நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரைபடம். அதில் ஹேஸல் ஃபோர்க் புல்வெட்டி இயந்திர ஆலை என்று ஒரு புள்ளி. அது உன் ஆலை அல்லவா? நாம் ஏற்கெனவே ரத்த உறவு. இனி கம்பெனி உறவும் ஆகிறோமா?

புதன்கிழமைச் சீட்டாட்டம் ஸ்லொவீனியர் மன்றத்தில் குறைவின்றி நடக்கிறது. முதுகில் நீலக் கப்பல் போட்ட அதே சீட்டுக்கட்டு. கிளாவர் ராணிக்குப் பதிலாகப் பன்னிரண்டு வயதில் நீ சோளப்பொரி அட்டையில் வரைந்துகொடுத்த மீசை ராணிதான் இன்னும் ஆடுகிறாள். அவள் முதுகு மட்டும் பழுப்பு. ஆகவே யார் கையில் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லக் கூடாது என்பது விதி. அசல் ராணி 1953இல் ஒரு போர்ச்சுகீசிய மாலுமியோடு ஓடிப்போனவள் என்பதை மறந்திருக்க மாட்டாய்.

சித்தி முத்தம் சொல்கிறாள். முழங்கால் சொல்லவில்லை.

உன் சித்தப்பா,
லுட்விக் ஸுபான்


ஹேஸல் ஃபோர்க், டென்னஸி
30 மார்ச் 1969

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இருவரும் நலம். சித்தி முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆமாம், எங்கள் ஆலையையும் வாங்கிவிட்டார்கள். தலைவரின் படம் சாப்பாட்டு அறையில் மாட்டியாயிற்று. “யாரும்மா இவரு?” என்று பக்கத்து மேசை லொரீன் கேட்டாள். “நம்ம முதலாளி” என்றேன். “போன மாசம் வேற ஒருத்தர் இருந்தாரே?” என்றாள்.

என்னைத் தரச் சோதனைக்கு உயர்த்தியிருக்கிறார்கள். நாள் முழுக்க அளப்பது, ஏற்பதா கழிப்பதா என்று முத்திரை குத்துவது. எனக்குப் பிடித்திருக்கிறது. டெல்மருக்குத்தான் மரமறுக்கும் மில் மூடியதிலிருந்து வேலை இல்லை. காய்கறிப் பாத்தி போட்டு, அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆல்பீனா


யூக்ளிட்
15 ஜூன் 1969

அன்பு மகளுக்கு, இரண்டு வயதுக் குழந்தையாகிய உன் சித்தப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வயதுதான் குறைந்துவிட்டது.

நீ சிரிக்கிறாய். கேள். போன மாதம் தலைமையகத்திலிருந்து ஒருவன் வந்தான். அவன் நிழலே அவனைவிடப் பருமன். எங்கள் சர்வீஸ் எல்லாம் 1967இலிருந்துதான் கணக்கு என்றான். நான் எழுந்தேன்.

“தம்பி, நான் இந்த லேத்துகிட்ட வந்து நின்னது 1938. அப்போ உங்கப்பாவுக்கு மீசையே முளைச்சிருக்காது.”

“அது வேற கம்பெனிங்க, மிஸ்டர் ஸுபான்.”

“லேத் அதேதானே?”

“லேத் எங்களோடது. உங்க சர்வீஸ் அவங்களோடது.”

“அவங்க எங்கப்பா இப்போ?”

“அவங்க இல்லீங்களே.”

விளங்குகிறதா மகளே? செத்துப்போன சவப்பெட்டிக்காரனின் வயதைத் தனக்கு எடுத்துக்கொண்ட கம்பெனி, உயிரோடு நிற்கும் என் வயதை வெட்டிவிட்டது. இது வெறும் மானப் பிரச்சினை இல்லை. ஆள் குறைக்கும்போது சர்வீஸ் குறைந்தவன்தான் முதலில் வெளியே போகவேண்டும். எல்லோருக்கும் இரண்டே வருஷம் என்றால், முப்பத்தொரு வருஷக்காரனை முதலில் அனுப்பலாம். கேட்க நாதியில்லை. ஆகவே ஜூன் இரண்டாம் தேதி முதல் அறுநூற்று நாற்பது பேரும் வேலையை நிறுத்தி வாசலில் நிற்கிறோம்.

கம்பெனியின் பொருள் எதையும் தொடுவதில்லை என்று மன்றத்தில் சபதமும் எடுத்தோம். அங்கேதான் குழப்பம். சங்கச் செயலாளர் மிஹெலிச் பட்டியலை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். பௌலிங் போக முடியாது. பிள்ளைகள் பேருந்தில் ஏற முடியாது. சித்தி பொடீட்சா ரொட்டி சுற்ற வைத்திருந்த வாதுமைக் கொட்டை மூட்டையில் கம்பெனி முத்திரை. கிழவர் கொரோஷெட்ஸ் எழுந்து, “அப்ப நான் சாகவும் கூடாதா?” என்றார். கைப்பிடி இல்லாத சவப்பெட்டியாகத் தேடித் தருவதாக மிஹெலிச் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார்.

இன்று காலை நாங்கள் எல்லோரும் பூசையில் இருந்த நேரம் பார்த்து, பின்வாசல் வழியாக லாரி வந்து எங்கள் ஜிக்குகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். ஜிக் என்றால் உனக்குத் தெரியுமே, துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பிடி. அது இல்லாமல் வால்வு இல்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. வேறு எங்கோ வால்வு செய்துவிட்டால் எங்கள் வாசலை இழுத்து மூடிவிடுவார்கள். முடியாவிட்டால் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். நம் பிழைப்பு இப்போது அந்த லாரியில் போகிறது.

உன் பச்சிளம் சித்தப்பா,
லுட்விக்


ஹேஸல் ஃபோர்க்
6 ஜூலை 1969

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலமா?

ஜிக்குகள் இங்கேதான் இருக்கின்றன.

ஜூன் 23ஆம் தேதி பதினாறு மரப்பெட்டிகள் வந்தன. மேலே இருந்த ஊர்ப்பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். கிடங்கின் பின்பாதியில் புதிய பிரிவு திறந்து, தொண்ணூறு பேரை எடுத்தார்கள். டெல்மரும் ஒருவர். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சாப்பிடும்போது பேசினார். என்னையும் அங்கேயே சோதனைக்குப் போட்டார்கள்.

மேற்பார்வையாளர் டாக்கெட் சுத்தக்காரர். “வடக்கத்தி அழுக்கு ஒண்ணும் ஒட்டக் கூடாது” என்று ஜிக்குகளை எல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவச் சொன்னார். ஒன்றின் இடது தாங்கிக்கு அடியிலிருந்து கறுத்த அட்டைத் துண்டு ஒன்று விழுந்தது. “குப்பை” என்று தொட்டியில் போட்டார். அதன் முதுகில் நீலக் கப்பல் தெரிந்தது. அவர் நகர்ந்ததும் எடுத்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டேன்.

கிளாவர் ராணி. ஓரத்தில் மூன்று பல் தடம். என் பல், சின்ன வயதில் கடித்தது. மாலுமியோடு போனவள் பதினாறு வருஷமாக இரும்புக்கு அடியில் படுத்திருந்திருக்கிறாள், பொய்யரே.

அவளை எடுத்ததிலிருந்து இங்கே ஒரு வால்வும் தேறவில்லை. நாற்பது அளந்தேன், நாற்பதும் கழிவு. எல்லாம் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு அங்குலம் தவறு. வீட்டுக்கு வந்து சீட்டை அளந்தேன். பன்னிரண்டு.

நான் வாய் திறந்தால் நீங்கள் போய்விடுவீர்கள். திறக்காவிட்டால் டெல்மர். என்ன செய்யட்டும்?

ஆல்பீனா

(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை. தையல் பெட்டியில், ராணியோடு மடித்து வைக்கப்பட்டது.)


ஹேஸல் ஃபோர்க்
6 ஜூலை 1969

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இருவரும் நலம். வெயில் கடுமை. அவரைக்காய் நன்றாக வந்திருக்கிறது. டெல்மருக்கு எங்கள் ஆலையிலேயே வேலை கிடைத்துவிட்டது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஸ்டிரைக் நேரத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். சித்தி முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
ஆல்பீனா


யூக்ளிட்
28 ஜூலை 1969

அன்பு மகளுக்கு, தலைமையகத்தின் மீது படையெடுத்துத் திரும்பிய மாவீரன் சித்தப்பா எழுதுவது. நலம். மூன்று பவுண்டு இளைத்தேன். சித்தி அதை அடுத்த அறையில் கண்டுபிடித்து எடுத்துவைத்திருக்கிறாள்.

டெல்மருக்கு வேலை கிடைத்ததில் அத்தனை சந்தோஷம். மன்றத்தில் அவர் பெயரைச் சொல்லி ஒரு சுற்று ஒயின் குடித்தோம்.

மிஹெலிச், நான், இன்னும் இருவர் பஸ் ஏறித் தலைமையகம் போனோம். ராக்கெட்டும் ரயிலும் ஆப்பிள் பையும் செய்கிற சாம்ராஜ்யத்தின் அரண்மனை எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் கனவு. போனால் ஒரு கட்டிடத்தின் பதினான்காம் மாடியில் பாதி. மறு பாதியில் பல் டாக்டர். தவறான கதவைத் திறந்துவிட்டோம். நான் கோரிக்கை மனுவைப் பாதி வாசித்த பிறகுதான் அந்தப் பெண், “எந்தப் பல்லு?” என்று கேட்டாள். சரியான கதவில் இருந்தவளுக்கு லேக்‌ஷோர் என்ற பெயரே தெரியவில்லை. “அது ஆப்பிள் பை செய்யற இடமா?” என்றாள். நாலு பேருக்கும் ஆப்பிள் பை கூப்பன் கொடுத்து அனுப்பினாள்.

யாரோடு சண்டை போடுகிறோம் என்றே தெரியவில்லை, மகளே. முன்பெல்லாம் முதலாளி என்றால் ஒரு தொப்பி, ஒரு கார், திட்டுவதற்கு ஒரு முகம் இருக்கும்.

ஆனால் நான் கலங்கவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ வால்வுக்கு எழுநூறு மைல் தள்ளி, புல்வெட்டிகளுக்கு நடுவே இருப்பவள். ஒவ்வொரு தடவை எங்களை எவனாவது வாங்கும்போதும், மூலையில் தன் பெயரைப் போடுவதற்காக எல்லா வரைபடங்களையும் மறுபடி வரையச் சொல்லுவான். 1953இல் அப்படி வரைந்த புண்ணியவான் ஓர் அளவைத் தவறாகப் போட்டுவிட்டான். திருத்த வேண்டுமென்றால் பழைய கம்பெனியின் கையெழுத்து வேண்டும். பழைய கம்பெனியோ செத்தாயிற்று. நான் என்ன செய்தேன்? உயரம் சரிக்கட்ட இடது தாங்கிக்கு அடியில் நம் கிளாவர் ராணியை அண்டையாகக் கொடுத்தேன். ராணிக்குக் கையெழுத்து வேண்டாம். அன்றிலிருந்து இந்த நாட்டின் விமானங்களில் பாதி அவள் தயவில் பறக்கிறது. சரி, பாதி இல்லை, முக்கால்.

ஜிக் எங்கே போயிருந்தாலும், அதைக் கழுவாத மடையன் பிழைத்தான், கழுவுகிறவன் தொலைந்தான்.

உன் ஊரில் என்ன புதினம்? போன கடிதத்தில் அவரைக்காய்க்கு மேல் ஒன்றும் எழுதவில்லையே. டெல்மருக்கு என்ன வேலை?

சித்தப்பா


ஹேஸல் ஃபோர்க்
14 ஆகஸ்டு 1969

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

டெல்மர் கிடங்கின் பின்பக்கம், புதிய பிரிவில் இருக்கிறார். நானும் அங்கேதான் சோதனை பார்க்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் கழுவுகிற ஆள்.

ராணி பத்திரமாக இருக்கிறாள், சித்தப்பா. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

தக்காளி இந்த வருஷம் சுகமில்லை.

ஆல்பீனா


யூக்ளிட்
31 ஆகஸ்டு 1969

ஆல்பீனா,

நலம். உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது.

மன்றத்தில் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் வாசலுக்கு இரண்டு பஸ் ஆட்கள் வந்திருப்பார்கள். சொல்லியிருக்க வேண்டும். அறுநூற்று நாற்பது பேரோடு கைகோத்து நின்று சத்தியம் செய்தவன் நான். டெல்மர் பெயரைச் சொல்லிக் குடித்தவனும் நான்தான்.

இப்படிச் செய் என்று உனக்கு எழுத ஒரு வார்த்தையும் வரவில்லை. செய்யாதே என்றும் வரவில்லை. நீ என்ன செய்தாலும் நீ என் அண்ணன் மகள்.

லுட்விக்

ஆல்பீனா கண்ணு, இது சித்தி. என்னடி எழுதின இந்த மனுஷனுக்கு? ரெண்டு வாரமா ஒரு பொய் கூட சொல்லல. புதன்கிழமை சீட்டுக்கும் போகல. டாக்டர கூப்பிடலாமான்னு பாக்குறேன். என் முழங்கால் தேவலை.


ஹேஸல் ஃபோர்க்
14 செப்டம்பர் 1969

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் உடம்புக்கு நலம். சித்தியின் முழங்கால் தேறியதில் மகிழ்ச்சி.

ஜூன் 23இல் திறந்த புதிய பிரிவை மூடிவிட்டார்கள். பதினொரு வாரத்தில் ஒரு வால்வும் தேறவில்லை. நான் பொய் முத்திரை ஒன்றுகூடக் குத்தவில்லை. அளந்தேன்; கண்டதை எழுதினேன். எல்லாம் உண்மையிலேயே கழிவு.

கடைசி வாரம் டாக்கெட் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஆல்பீனா, நீ அந்தப் பக்கத்து ஆளுதானே. அந்தக் கெழவனுங்க இத எப்படிச் செஞ்சானுங்க? உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?”

“நான் அளவு பாக்குறவ சார். வரலாறு என்னைக் கேட்டா எப்படி?” என்றேன்.

சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

தொண்ணூறு பேரையும் அனுப்பிவிட்டார்கள். லொரீனின் தங்கை, சபையில் என் பக்கத்தில் உட்காரும் நாலு பேர், டெல்மர். டெல்மருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டக் கேட்டிருக்கிறார். “அதுவும் உங்க கம்பெனிதானாம்” என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குப் போய்விட்டார். என்னை மறுபடி புல்வெட்டிக் கத்திக்கு மாற்றிவிட்டார்கள்.

பெட்டிகள் வெள்ளிக்கிழமை போயின. ஆணி அடிக்குமுன் கடைசியாகச் சரிபார்த்தது நான்.

உங்களுக்கு முப்பத்தொரு வருஷம். இங்குள்ளவர்களுக்குப் பதினொரு வாரம். இரண்டையும் எந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை, சித்தப்பா.

ஆல்பீனா


யூக்ளிட்
5 அக்டோபர் 1969

அன்பு மகளுக்கு, முப்பத்தொரு வயது வாலிபன் லுட்விக் எழுதுவது. நலம். சித்தி நலம். முழங்கால் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டது.

கம்பெனியும் இட்டுவிட்டது. போன மாதம் 19ஆம் தேதி முதல் பழைய சர்வீஸ் முழுவதும் கணக்கில் சேர்ந்தது. மிஹெலிச்சைத் தோளில் தூக்கினோம். என்னையும் தூக்கப் பார்த்தார்கள். விமானத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை பெட்டி திறந்தோம். மற்றவர்கள் காப்பிக்குப் போனபிறகு இடது தாங்கியைக் கழற்றினேன். இருந்தாள். யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள், மூன்று பல் தடமும் பளிச்சென்று தெரிந்தது. மறுபடி மூடினேன். முதல் வால்வே தேறிவிட்டது. “உன் கை கைதான்யா” என்றார் கொரோஷெட்ஸ். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாததால் அவர் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நேற்று வாசலில் புது அறிவிப்பு. லேக்‌ஷோரை ஹார்க்னெஸ்-வேல் விற்றுவிட்டதாம். வாங்கியவர்கள் தோட்டத்துக் குழாயும் பியானோவும் செய்கிறவர்கள். வரைபடங்களையெல்லாம் மறுபடி வரைய ஆள் வருகிறது. ஆக நீயும் நானும் இனி ஒரே கம்பெனி இல்லை, வெறும் சொந்தக்காரர்கள். உன் ஆலை யாருடையது என்று நீயும் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொள்.

அந்த வரலாற்றுப் புத்தகத்தின் கடைசியில், நினைவுகளை எழுதி அனுப்பச் சொல்லி ஒரு பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். நிரப்பி அனுப்பிவிட்டேன். ‘1969 ஜூன் 23 முதல் பதினொரு வாரம் இந்த நிறுவனத்தை ஒரு ராணி ஆண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.’ அவ்வளவுதான் எழுதினேன். பெயர் போடவில்லை. நான் இதுவரை எழுதியவற்றில் மிகையே இல்லாத வரி அது ஒன்றுதான். ஆகவே ஒருவரும் நம்பப்போவதில்லை.

நீ கேட்ட அளவுகோல் என்னிடமும் இல்லை. முப்பத்தொரு வருஷமாக லேத் முன்னால் நின்றவன், தேடிப் பார்த்தேன், இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இருவரும் வந்துவிடுங்கள். சித்தி பொடீட்சா சுற்றுகிறாள். டெல்மர் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பொய் கைவசம் உண்டு. இதற்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை. மன்றத்துக்கு அழைத்துப்போய் என் பக்கத்தில் உட்கார வைத்துச் சீட்டைப் போடுவேன். உன் மீசை ராணி அவர் கைக்குப் போகும்படி பார்த்துக்கொள்கிறேன். அவள் பழுப்பு முதுகு எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

சித்தப்பா